மேற்குப் பார்த்த மனையில் உள்ளும் வெளியும்: பாளையங்கோட்டை வெயிலுக்குக் கண்ணாடிக் கதவா, தார்சாவா?

பொருநை

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் 40க்கு 60 அடி மனை ஒன்றில், அதாவது ஐந்தரை சென்ட்டில், வீடு கட்டவிருக்கிறோம். 40 அடி முகப்பு மேற்கே தெருவைப் பார்த்திருக்கிறது. வடக்கே அடுத்த வீட்டின் இரண்டு மாடிச் சுவர். தெற்கே இப்போதைக்குக் காலி மனை. பின்பக்கம் தென்கிழக்கு மூலையில் நன்றாக விரிந்த வேப்பமரம் ஒன்று நிற்கிறது. அதை வெட்டுவதில்லை என்பதில் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

வடிவமைப்பாளர் கொடுத்த முதல் வரைபடத்தில் ஹால் முன்பக்கம் வருகிறது. அதன் மேற்குச் சுவருக்குப் பதிலாக 12 அடி அகலத்தில் தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே புல்தரை. கதவைத் தள்ளிவிட்டால் வீடும் தோட்டமும் ஒன்றாகிவிடும் என்கிறார். படத்தில் பார்க்க மிக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு கலக்கம். என் தந்தைக்கு 76 வயது. கூரையிட்ட தாழ்வாரமான தார்சாவும், உள்ளே கூடமான பட்டாசலுமாக இருந்த பழைய வீட்டில் வளர்ந்தவர். மாலை நான்கு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போனதாகவே ஆகாது. அந்த நான்கு மணிக்கு மேற்கு வெயில் நேராக அந்தக் கண்ணாடியில் அல்லவா விழும்? ஒரே ஒரு படுக்கையறையில் மட்டும் ஏசி வைத்து, மற்ற நேரம் கதவு ஜன்னல்களைத் திறந்துபோட்டு வாழக்கூடிய வீடு இந்த மனையில் சாத்தியமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

கொத்துக்கரண்டி

உங்கள் கலக்கம் நியாயமானது. திருநெல்வேலி வட்டாரத்தில் நெடுநாளாகக் கட்டட வேலை பார்ப்பவன் என்ற முறையில், அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் சூரியனைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

பாளையங்கோட்டை ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பும், மீண்டும் ஆகஸ்ட் கடைசியிலும், உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஜூன் மாத உச்சியில் அது வடக்கே சாய்ந்திருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் வடக்குச் சுவரிலும் வெயில் படும். ஆனால் வடக்கும் தெற்கும் எளிதில் சமாளிக்கக்கூடிய திசைகள். டிசம்பரில் உச்சிச் சூரியன் தெற்கே 58 பாகை உயரத்தில் இருக்கும். 4 அடி உயர ஜன்னலை அப்போதும் முழுவதுமாக மறைக்க இரண்டரை அடி சன்ஷேடு போதும். வடக்கு ஜன்னலுக்கு ஜூன் உச்சியில் ஓர் அடிக்குச் சற்று மேல் இருந்தாலே போதும்.

மேற்கு அப்படியல்ல. சித்திரையில் மாலை நான்கரை மணி வாக்கில் சூரியன் ஏறத்தாழ 30 பாகைக்கு இறங்கி, உங்கள் முகப்பை நேருக்கு நேர் பார்க்கும். அந்த நேரத்தில் கதவுக்கு மேல் இருக்கும் 2 அடி சன்ஷேடு, கதவின் மேல் ஓர் அடி சொச்சத்துக்குத்தான் நிழல் தரும். மீதி 6 அடி கண்ணாடி வெயிலில் நிற்கும். சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் 80 விழுக்காட்டை உள்ளே விட்டுவிடும். உள்ளே சூடாகும் தரையும் சோபாவும் வெளியிடும் வெப்பத்தை மட்டும் வெளியே விடாது. அப்புறம் திரைச்சீலை போடுவீர்கள். போட்டபிறகு உள்ளும் எங்கே, வெளியும் எங்கே? மேற்கே கண்ணாடி வைத்த வீடுகளில் மாலைதோறும் இழுத்து மூடிய திரைகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

நம் பழைய வீடுகளில் உள்ளையும் வெளியையும் இணைத்தது நிழல். தார்சாவும் தாழ்வாரமும் ஓர் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல.

அழிக்கதவு

மாற்றுக் கருத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே என்பதற்காக எழுதுகிறேன். பழைய வீட்டைப் பற்றிய ஏக்கம் எனக்கும் உண்டு; அதனாலேயே 7 ஆண்டுகளுக்கு முன் மதுரையில் நான் கட்டிய வீட்டில் நடுவில் 8க்கு 8 அடி முற்றம் வைத்தேன். முதல் ஐப்பசி மழையிலேயே சாரல் சோபா வரை வந்தது. கொசு, பூனை, பக்கத்து மாடியிலிருந்து பறந்து வரும் துணி, எல்லாவற்றுக்கும் மேலாக இரவில் திருட்டுப் பயம். மேலே கம்பி அழி, அதாவது இரும்புக் கிராதி, போட்டோம். அதற்கு மேல் மழைக்காக ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு போட்டோம். அன்றிலிருந்து அது முற்றமாக இல்லை. வீட்டின் நடுவில் எப்போதும் எரியும் அடுப்பாக இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அதன் கீழே நின்றால் உச்சந்தலையில் யாரோ கை வைத்து அழுத்துவது போல் இருக்கும்.

ஆகவே பொருநை அவர்கள் முற்றம், தார்சா என்று இறங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்துக்கொள்ள வேண்டும்: கொசுவுக்கு என்ன வழி, மழைக்கு என்ன வழி, வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் வெளியூர் போனால் என்ன வழி? அந்தக் காலத்தில் வீட்டில் எப்போதும் பத்துப் பேர் இருந்தார்கள். நாம் மூன்று பேர்.

நாற்சார்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பழைய வீடுகளை நாற்சார் வீடு என்போம். நடுவில் முற்றம், நான்கு பக்கமும் சார்பு, அதாவது சரிவான கூரை, இறக்கிய விறாந்தை. பாளையங்கோட்டையைப் போலவே எங்களுக்கும் மழையின் பெரும் பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடும். மீதி மாதங்கள் வெயிலும் காற்றும்தான். ஆகவே உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் கேள்வி ஒன்றே.

அழிக்கதவு சொன்ன சாரல் பிரச்சினைக்குக் காரணம் முற்றம் அல்ல, சார்பு இல்லாமையே என்று நினைக்கிறேன். நாற்சார் வீட்டில் மழை விழும் இடத்துக்கும் ஆள் இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு விறாந்தை அகலம் எப்போதும் இருக்கும். அந்த விறாந்தை நனையலாம்; அறை நனையாது. இன்று முற்றம் வைப்பவர்கள் அந்த இடைவெளியை வீண் என்று கருதி, ஹாலின் தரையிலேயே ஒரு பள்ளம் வெட்டி அதற்கு முற்றம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

இந்த இடைவெளியை நவீனக் கட்டடக்கலைக்குள் மீட்டெடுத்தவர்களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா முக்கியமானவர். 1960க்கும் 1962க்கும் இடையில் கொழும்பில் அவர் எனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடு, நகரத்து மனை ஒன்றில் சுற்றிலும் மதில் வைத்து, வாழ்வை முழுவதும் உள்முற்றத்தை நோக்கித் திருப்பிய வீடு. வெளிநாட்டுப் பாணியில் மனையின் நடுவே வீட்டை வைத்துச் சுற்றிலும் புல்வெளி விடும் வழக்கம் கொழும்பில் இருந்த காலம் அது. அந்த வீட்டின் அருமை கருதி, பின்னாளில் அதைக் கல் கல்லாகப் பிரித்து, பாவாவின் தோட்ட இல்லமான லுணுகங்கையில் மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு எச்சரிக்கை: கொழும்பு ஈரமான ஊர், ஆண்டில் இரண்டு முறை நல்ல மழை. அங்கே சுவரைக் குறைத்துக் காற்றை விட்டால் போதும். பாளையங்கோட்டை போன்ற வறண்ட ஊரில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு அதிகம் இருப்பதால் தடித்த சுவர் உதவும்; பகல் பதினொரு மணிக்கு மேல் யன்னல்களைச் சாத்தி, சூரியன் மறைந்தபின் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். நாள் முழுவதும் திறந்தே கிடக்கும் வீடு உங்கள் ஊர்ச் சித்திரைக்குப் பொருந்தாது.

ரேழி

ஆண்கள் எல்லோரும் சூரியனையும் மேதைகளையும் பற்றி எழுதிவிட்டீர்கள். கும்பகோணத்துப் பக்கத்து முற்றம் வைத்த வீட்டில் 22 ஆண்டுகள் குடித்தனம் செய்தவள் என்ற முறையில் நான் விளக்குமாற்றைப் பற்றி எழுதுகிறேன்.

முற்றம் தினமும் பெருக்க வேண்டிய இடம். வேப்பமரம் நிற்கிறது என்கிறீர்கள். பங்குனியில் அதன் பூவும், ஆடியில் பழமும் கொட்டையும் கொட்டும். தரையைச் சொரசொரப்பாகப் போட்டால் ஈரத்தில் வழுக்காது, ஆனால் பழச்சாறு ஒட்டிக்கொண்டு எறும்பு மொய்க்கும். வழவழப்பாகப் போட்டால் கழுவ எளிது, 76 வயதுக்காரருக்கு ஆபத்து. எங்கள் வீட்டில் முற்றம் கருங்கல், தாழ்வாரம் சிவப்புச் சிமெண்ட். கல் வெயிலில் கொதிக்கும்போது சிமெண்டில் நடப்போம், மழையில் சிமெண்ட் வழுக்கும்போது கல்லில் கால் வைப்போம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்தார்களா என்று தெரியாது. ஆனால் என் மாமியார் 80 வயது வரை விழுந்ததில்லை.

இன்னொன்று. உள்ளும் வெளியும் இணைவது என்றவுடன் எல்லா வரைபடங்களும் ஹாலைத்தான் தோட்டத்தோடு இணைக்கின்றன. உண்மையில் ஒரு நாளைக்கு முப்பது தடவை உள்ளுக்கும் வெளிக்கும் போய் வருவது அடுக்களை. காய் நறுக்குவது, மீன் கழுவுவது, வடகம் காய வைப்பது, இட்லிக்கு அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது என எல்லாமே வாசற்படிக்கு இரண்டு பக்கமும் நடக்கிற வேலைகள். அடுக்களையை ஒட்டிக் கொல்லைப்பக்கம் 6 அடியாவது அகலமுள்ள தாழ்வாரமும், இடுப்புயரத்தில் ஒரு மேடையும், குழாயும் வையுங்கள். 4 அடி வைத்தால் அது நடைபாதை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் கடக்க முடியாது. எங்கள் வீட்டில் பெண்கள் பேசிய பேச்செல்லாம் அந்த 6 அடியில்தான் நடந்தது.

கொத்துக்கரண்டி

ரேழி அம்மா சொன்னதை வரைபடம் போடுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அவர் கொல்லைப்பக்கம் என்று குறிப்பிட்டதால்தான் எனக்கு ஒன்று தோன்றியது.

பொருநை, உங்கள் வீடு ஒற்றைத் தளம், கைப்பிடிச் சுவரோடு 14 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதே நான்கரை மணிக்கு அதன் நிழல் கிழக்கே 24 அடி நீளும். அதாவது உங்கள் வீட்டின் பின்பக்கம் முழுவதும், வேப்பமரத்தின் உதவி இல்லாமலே, மாலையில் வீட்டின் நிழலுக்குள் இருக்கும். மரத்தின் நிழலோ அந்நேரம் பின்மதிலைத் தாண்டி விழுந்திருக்கும். அதன் உதவி காலை ஒன்பது மணிக்குக் கிழக்குச் சுவரைக் காப்பதில்தான். ஆகவே மாலையில் உட்கார வேண்டிய வெளி கிழக்கே இருக்கிறது. வரைபடம் அதை மேற்கே வைத்திருக்கிறது. காலை காப்பிக்கும் செய்தித்தாளுக்கும் மேற்குத் தார்சா, மாலைக்குக் கிழக்கு வானவெளி, அதாவது கூரையில்லாத பின்முற்றம். வெயிலைத் துரத்துவதை விட நாம் எழுந்து அடுத்த பக்கம் போவது எளிது.

மேற்கே என்ன வைக்கலாம் என்றால், அதிகம் புழங்காதவற்றை: மாடிப்படி, கார் நிறுத்தும் இடம், பொருள் வைக்கும் அறை. மிஞ்சும் சுவரைச் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் கட்டுங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. செங்கலில் ஏறத்தாழ கால்வாசி மிச்சம், உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தாமதப்படுத்தும். இதைக் கட்டத் தெரிந்த கொத்தனாரை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். தெரியாதவர் கட்டினால் வெற்றிடமெல்லாம் கலவையால் நிரம்பிவிடும்.

கூரையை மறக்காதீர்கள். சூரியன் உச்சியில் நிற்கும் ஊரில் சுவரை விடக் கூரைதான் அதிக வெயில் வாங்கும். 5 அங்குலக் காங்கிரீட் பகலெல்லாம் வாங்கியதை இரவு பத்து மணிக்கு உங்கள் தலையில் இறக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி எனும் தளம் போட்டு, மேலே தட்டை ஓடு பதித்து, பங்குனி பிறக்கும் முன் ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுவதே இன்னும் மலிவான வழி.

பொருநை

அனைவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மாலை ஒரு சோதனை செய்தேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு தந்தையோடு மனைக்குப் போனேன். வீட்டுச் சுவர் வரும் இடத்தில் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருக்கிறோம். முன்பக்கம் நாற்காலியைப் போட்டபோது ஐந்து நிமிடத்தில் அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். பின்பக்கம் வீட்டு நிழல் இன்னும் பிறக்கவில்லையே. பக்கத்து மாடி வீட்டின் நிழலில் ஒரு பட்டை தேடி அங்கே உட்கார வைத்தேன். காற்று நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்கன உக்காந்து நான் யாரைப் பாக்கதுக்கு?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நிழல் கிழக்கே இருக்கிறது, தெரு மேற்கே இருக்கிறது.

நாற்சார்

உங்கள் தந்தையின் கேள்வி இந்த இழையிலேயே சிறந்த கேள்வி. தோட்டம், செடி, வானம் இவற்றை மட்டும் வெளி என்று எண்ணிக்கொண்டோம். எங்கள் வீடுகளிலும் முதியவர்கள் தலைவாசலில்தான் இருப்பார்கள்; உள்முற்றத்தில் பெண்களும் பிள்ளைகளும்.

கொத்துக்கரண்டி

இதற்கு விடை நம் பழைய வீடுகளிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். தெருவாசலில் நின்றால் தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை தாண்டிப் புறவாசலில் காயும் துணி வரை தெரியும். வாசல்கள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். அதே கோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின் தார்சாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெருவில் போகிறவர் தெரிவார். 30 அடி நீளமுள்ள இருட்டுக்குள் நின்று வெளிச்சத்தைப் பார்க்கும்போது அது இன்னும் துலக்கமாகத் தெரியும். தெருவிலிருந்து பார்ப்பவருக்கோ உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது எளிதில் தெரியாது.

காற்றுக்கும் இதே கோடுதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று எப்படிப்பட்டது என்று கயத்தாறு காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு வாசல் மூன்றரை அடி, கிழக்கு வாசல் ஆறடி என்று வைத்தால் காற்று குறுகிய வாசலில் வேகமெடுத்து உள்ளே வந்து, அகன்ற வாசலில் தடையின்றி வெளியேறும். அந்த மாதங்களில் புழுதியும் சேர்ந்து வரும் என்பதால் மேற்குக் கதவைப் பாதி திறக்கக்கூடிய இரட்டை அடுக்காக, மேல்பாதி கீழ்பாதி என்று செய்யுங்கள்.

அளவுக்கு வருவோம். முன்வெளி 8 அடி, முன் தார்சா 6, வீடு 30, பின் தார்சா 8, வானவெளி 8, மொத்தம் 60. தென்கிழக்கில் மட்டும் வேப்பமரத்துக்காக வீடு இன்னும் 8 அடி உள்ளே ஒதுங்கட்டும். வேரை வெட்டி அடித்தளம் போட வேண்டாம். தெற்கு மனையில் நாளை வீடு வந்துவிடும் என்பதால், நடு அறைகளுக்கு வெளிச்சம் வர அந்தச் சுவரை ஒட்டி 5க்கு 8 அடியில் வானம் பார்த்த கிணறு போன்ற ஓர் இடம் விடுங்கள். அதற்கு மேல் கம்பி அழி போடலாம், தகடு போடக் கூடாது. அழிக்கதவு நண்பரின் அடுப்பை நினைவில் வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது, சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். பின் ஓட்டுக் கூரையும் வானவெளியும் சேர்ந்து 60 சதுர மீட்டர் என்றால், அந்தச் சராசரியிலேயே மணிக்கு 2,400 லிட்டர் வந்து சேரும். கொட்டும் வேளையில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆகவே 4 அங்குலக் குழாய் ஒன்று போதும் என்று சொல்பவரிடம் இரண்டாகப் போடச் சொல்லுங்கள், ஒன்றை வேப்பம்பழம் அடைத்துவிடும் என்ற கணக்கில். வானவெளித் தரை வீட்டுத் தரையை விட ஓர் அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும்.

அழிக்கதவு

என்னை அடுப்பாகவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வருத்தமில்லை. என் மூன்று கேள்விகளில் மழைக்கு விடை கிடைத்துவிட்டது. பூட்டுவதற்கும், பின் தார்சாவுக்கு வெளி விளிம்பில் தரையிலிருந்து கூரை வரை கம்பி அழி போட்டுவிட்டால் அது வீட்டின் பூட்டுக்குள் வந்துவிடும். கொசுவலையையும் ஜன்னல் ஜன்னலாக அடிக்காமல் அதே அழியில் அடிக்கலாம். ஜன்னல் வலையில் காற்று பாதி நின்றுவிடும். 30 அடி நீளமுள்ள அழியில் பரப்பு பெரிதாக இருப்பதால் அவ்வளவு தெரியாது. என் வீட்டில் மாடி வராந்தாவில் இப்படிச் செய்தபிறகுதான் கதவைத் திறந்துவைத்துத் தூங்க முடிந்தது. வலையைச் சட்டத்தோடு கழற்றிக் கழுவும்படி செய்யுங்கள். ஒரு வருடத்தில் தூசி அடைத்துவிடும்.

ரேழி

மூன்று வாசல் நேர்க்கோட்டில் வரக்கூடாது என்று மேஸ்திரி சொல்வார், இப்போதே தயாராக இருங்கள். எங்கள் வீட்டில் ஐந்து வாசல் நேர்க்கோட்டில் இருந்தது. ஐந்து பிள்ளைகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பொருநை

மேஸ்திரி சொல்லிவிட்டார். தந்தை அவரிடம் தம் பழைய வீட்டின் வாசல்களை எண்ணிக் காட்டி அனுப்பிவிட்டார்.

வரைபடம் திருத்தப்பட்டுவிட்டது. கண்ணாடிக் கதவு போயிற்று. அது இருந்த இடத்தில் 6 அடி தார்சா, ஓட்டுச் சாய்வின் விளிம்பு ஆறரை அடி உயரத்தில் நிற்கும். அதையும் தாண்டி வரும் தாழ்ந்த வெயிலுக்குச் சுருட்டி ஏற்றும் மூங்கில் தட்டி. அடுக்களை பின்பக்கம் போய், பின் தார்சாவோடு சேர்ந்துவிட்டது. மேடையும் குழாயும் என் மனைவி கேட்ட உயரத்தில் வருகின்றன. வடிவமைப்பாளருக்கு முதலில் வருத்தம்தான், பிறகு நேர்க்கோட்டு யோசனை அவருக்கே பிடித்துப்போய், பின்வாசலுக்கு நேரே பின்மதிலில் ஒரு மாடக்குழி வரைந்து கொடுத்திருக்கிறார்.

நேற்று கயிறு கட்டிய மனையில் மறுபடி நாற்காலியைப் போட்டோம். முன்வாசல் வரும் இடத்தில் மூன்றரை அடி இடைவெளியில் இரண்டு கம்பு நட்டு, அவற்றின் இருபுறமும் பழைய வேட்டிகளைக் கட்டினேன். தந்தை பின்பக்கம் உட்கார்ந்து அந்த இடைவெளி வழியாகப் பார்த்தார். பால்காரர் போனார், பள்ளிக்கூட வேன் நின்றது, எதிர்வீட்டு அம்மா கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தார். எல்லாம் தெரிந்தது. நாற்காலியை மட்டும் ஒரு முழம் வடக்கே நகர்த்திப் போடச் சொன்னார், அப்போதுதான் முக்குக் கடை தெரியுமாம். கொத்துக்கரண்டி அவர்களிடம் கேட்டு வாசலையும் ஒரு முழம் நகர்த்தச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மீதம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. தெருக் கேட்டுக்கு முழுத் தகடு அடிப்பதாகக் குறிப்பில் இருக்கிறது. அப்படி அடித்தால் இவ்வளவும் வீண். கீழே நாய் நுழையாமல் 2 அடி தகடும், மேலே கம்பியும் வைத்துச் செய்து கொடுக்கிறவர் யாராவது பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறார்களா?